வாசகர் கேள்வி – பதில்: தொட்டியும் தெருவிளக்கும் நமக்குச் செய்தி அனுப்பும் காலம்

நகரங்களில் புகுந்துவரும் ஐஓடி, அதாவது 'பொருட்களின் இணையம்' என்னும் தொழில்நுட்பம் குறித்துக் கேள்விகளை அனுப்பும்படி வாசகர்களிடம் சென்ற இதழில் கேட்டிருந்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியே பேசின. அதனால் இந்த இதழின் பக்கங்களில் பாதியைத் தண்ணீருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: சீர்மிகு நகரத் திட்டத்தின் பட்டியலில் தருமபுரியும் இல்லை, கிருஷ்ணகிரியும் இல்லை. அப்படியிருக்க 'பொருட்களின் இணையம்' என்பதை நாங்கள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? முதலில் அது என்ன?
– வாசகர், தருமபுரி

பதில்: நீங்கள் சொல்வது சரி. 2015 ஜூன் 25 அன்று மத்திய அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தில் நாடு முழுவதும் 100 நகரங்கள் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்து சென்னை, கோவை, மதுரை, சேலம் உள்ளிட்ட 11 நகரங்கள் இடம்பெற்றன. நமக்கு அருகிலிருக்கும் சேலம் வந்தது; நம் இரு மாவட்டங்களில் ஓர் ஊரும் வரவில்லை. ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால்தான் தொழில்நுட்பம் ஊருக்குள் வரும் என்று எண்ண வேண்டாம். அது ஏற்கெனவே வந்துவிட்டது.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைக் கடக்கும்போது உங்கள் வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக் அட்டையைக் கவனியுங்கள். அதற்குள் பேட்டரி கிடையாது. மேலே பொருத்தப்பட்ட ஆன்டெனா அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே தனக்குத் தேவையான துளி மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தன் எண்ணை மட்டும் திருப்பி அனுப்புகிறது. அந்த எண் சர்வர் எனப்படும் மையக் கணினிக்குப் போய், கணக்கில் பணம் கழிந்து, தடுப்புக் கட்டை மேலே எழுகிறது. ஒரு பொருள் தன்னைப் பற்றிய செய்தியை மனிதர் யாரும் தட்டச்சு செய்யாமல் தானே அனுப்புவதும், அந்தச் செய்தியைக் கொண்டு இன்னோர் இடத்தில் ஒரு செயல் நடப்பதும்தான் பொருட்களின் இணையம். 1999-இல் தொழில்நுட்ப வல்லுநர் கெவின் ஆஷ்டன் இந்தப் பெயரை முதன்முதலாகப் பயன்படுத்தியபோது அவர் கையிலிருந்ததும் இதே வகை ரேடியோ அட்டைதான். கடை அலமாரியில் சரக்கு தீர்ந்துபோவதைத் தானாகவே கண்டறிய வேண்டும் என்பதே அன்று அவருடைய கவலை.

இன்னும் நெருக்கமான உதாரணம் உங்கள் உறவினர் தோட்டத்திலேயே இருக்கக்கூடும். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு சிம் கார்டைப் போட்டு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே செல்போனில் மோட்டாரை ஓட்டும் விவசாயிகளை நம் பகுதியில் பரவலாகப் பார்க்கலாம். இரவு இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தால் வரப்பில் நடந்து போக வேண்டியதில்லை, பாம்புக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்காகத்தான் அவர்கள் அதை வாங்கினார்கள். எந்தத் திட்டமும் அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. தேவை இருந்தது, பொருள் கிடைத்தது, வாங்கிக்கொண்டார்கள். ஓர் ஊர் நிர்வாகம் கருவி வாங்கும்போதும் அதே வரிசையில்தான் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: தேவை முன்னால், கருவி பின்னால்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் 30 ஆயிரம் லிட்டர் கொள்ளளவுள்ள மேல்நிலைத் தொட்டிகள் மூன்றையும் ஒரே டேங்க் ஆபரேட்டர்தான் பார்த்துக்கொள்கிறார். ஒரு தொட்டி நிரம்பி வழியும்போது மற்றொன்று காலியாகக் கிடக்கிறது. தொட்டியில் சென்சார் பொருத்தினால் நீர்மட்டத்தைச் செல்போனிலேயே பார்க்கலாம் என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
– வாசகர், காரிமங்கலம்

பதில்: வாங்கலாம். ஆனால் எந்த வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் தொட்டியின் வெளிப்புறச் சுவரில் எண்கள் எழுதிய பலகையும், கயிற்றில் தொங்கும் குண்டும் இருக்கும். தொட்டி நிரம்பும்போது உள்ளே மிதவை மேலே எழ, வெளியே குண்டு கீழே இறங்கும். புதிதாகப் பார்ப்பவருக்குத் தலைகீழாகத் தோன்றினாலும், தெருமுனையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாலே மட்டம் தெரிந்துவிடும் அருமையான ஏற்பாடு அது. கயிறு அறுந்தாலோ மிதவை சுவரில் சிக்கினாலோ யாரும் சரிசெய்வதில்லை என்பதுதான் அதன் குறை. புதிய சென்சாருக்கும் இதே விதி காத்திருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விலை குறைவு என்பதால் பெரும்பாலும் விற்கப்படுவது மீயொலி சென்சார். அது தொட்டியின் மூடியில் கீழ்நோக்கிப் பொருத்தப்படும். நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும். 2 மீட்டர் கீழே தண்ணீர் இருந்தால் ஒலி போய்வர ஏறத்தாழ 12 மில்லிவினாடி ஆகும். கணக்கு எளிது, நடைமுறை அவ்வளவு எளிதன்று. காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறும். 20 டிகிரியில் வினாடிக்கு 343 மீட்டராக இருப்பது 40 டிகிரியில் 355 மீட்டரை எட்டும். வெப்பத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் வசதி இல்லாத மலிவான கருவி, சித்திரை வெயிலில் மூடி தகிக்கும் தொட்டியில் 3 மீட்டர் தூரத்தை அளந்தால், 10 சென்டிமீட்டர் வரை பிசகிச் சொல்லும்.

அதைவிடப் பெரிய சிக்கலை நானே உடனிருந்து பார்த்திருக்கிறேன். நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டதால், ஒரு கிராமத்துத் தொட்டியில் இத்தகைய சென்சார் பொருத்துவதற்கு உதவினேன். ஐப்பசி வரை அது குறையின்றி வேலை செய்தது. மார்கழியில் ஒருநாள் தொட்டி முழுமையாக இருப்பதாகச் செல்போன் காட்ட, அதை நம்பி ஆபரேட்டர் மோட்டாரைப் போடவில்லை, மறுநாளும் போடவில்லை. மேல் தெருவில் குழாய்கள் வறண்டு, பெண்கள் காலிக் குடங்களோடு ஊராட்சி அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. ஏணியில் ஏறி மூடியைத் திறந்தபோது தொட்டியின் தரை தெரிந்தது. சென்சாரின் முகத்தில் முத்து முத்தாக நீர்த்துளிகள் கோத்து நின்றன. தொட்டிக்குள்ளிருந்த ஈர ஆவி விடியற்காலைக் குளிரில் அங்கே படிந்திருக்கிறது. ஒலி கீழே போகாமல் அந்தத் துளியிலேயே பட்டுத் திரும்பியிருக்கிறது. கருவியைப் பொறுத்தவரை தண்ணீர் தன் முகத்துக்கு நேரே நிற்கிறது, ஆகவே தொட்டி நிறைந்திருக்கிறது. பழுதான கருவி 'தெரியவில்லை' என்று சொல்லியிருந்தால் ஒரு கெடுதலும் வந்திருக்காது. அது உறுதியாகத் தவறு சொன்னதுதான் இரண்டு நாள் தண்ணீரைப் பறித்தது. அந்தக் குடங்களின் வரிசையை நான் இன்னும் மறக்கவில்லை.

அதன் பிறகு அழுத்தச் சென்சாருக்கு மாறினோம். அது தொட்டியின் வெளியேறு குழாயிலோ அடித்தளத்திலோ இருந்து, மேலே நிற்கும் நீரின் எடையை அளக்கிறது. நம் ஊர்ப் பிட்டர்கள் 'ஒரு கிலோ பிரஷர் என்றால் 10 மீட்டர் தண்ணீர்' என்று சொல்வார்களே, அதே கணக்குதான். பனியும் ஆவியும் சிலந்தி வலையும் அதை ஏமாற்றா. ஆனால் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தம் சற்றுக் குறைந்து காட்டும் என்பதால், வால்வு மூடியிருக்கும் நேரத்து அளவையே கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி, விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை. சிம் கார்டின் ஆண்டுச் சந்தா யார் பெயரில், எந்தக் கணக்கிலிருந்து போகும்? செய்தி வராமல் நின்றுபோனால் அதையே ஓர் எச்சரிக்கையாகக் காட்டுமா, அல்லது நேற்றைய அளவையே இன்றும் காட்டிக்கொண்டிருக்குமா? மூன்றாவது கேள்வியை ஊராட்சிக்குள்ளேயே கேட்டுக்கொள்ளுங்கள்: எச்சரிக்கை ஆபரேட்டருக்கு மட்டும் போகிறதா? அவர் காய்ச்சலில் படுத்திருக்கும் நாளில் வேறு யார் கைக்குப் போகும்? முதல் ஆறு மாதம் குண்டும் கயிறும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஆபரேட்டர் காலையில் பலகையைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி, செல்போனில் வரும் அளவையும் அதன் பக்கத்தில் குறித்துக்கொள்ளட்டும். இரண்டும் ஒத்துப்போன பிறகு நம்புங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். பள்ளியில் பற்களில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் சில நாள்களில் இரண்டு நீரையும் கலந்தே விடுகிறார்கள். புளோரைடு அளவைக் காட்டும் சென்சாரைத் தொட்டியில் வைக்க முடியாதா?
– ஆசிரியை, பென்னாகரம்

பதில்: வந்த கடிதங்களில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான், அம்மா.

நம் இரு மாவட்டங்களின் பாறைகளில் புளோரைடு தாதுக்கள் உண்டு. ஆழம் கூடக்கூட, நீர் பாறையோடு நெடுங்காலம் தங்கி அவற்றைக் கரைத்துக்கொள்கிறது. ஒகேனக்கல் திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரோசிஸ் (புளோரைடு மிகுதியால் வரும் பல், எலும்பு நோய்) தணிப்பு என்ற சொல் இருப்பது இதனால்தான். ஜப்பானியக் கடனுதவியுடன், 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த திட்டம் அது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர்வழியே இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

புளோரைடை நேரடியாக அளக்கும் மின்முனைகள் இருக்கின்றன. ஆய்வகத்தில் அவை நன்றாக வேலை செய்யும். ஆனால் அளவு தெரிந்த கரைசலைக் கொண்டு அவற்றை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். நீரின் காரத்தன்மையைச் சீராக்கும் வேதிக் கரைசலையும் சேர்க்க வேண்டும். கவனிப்பதற்கு ஆளில்லாத தொட்டியில் வைத்துவிட்டு வந்தால் சில வாரங்களிலேயே பொய் சொல்லத் தொடங்கும். மலிவாகக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் கரைந்துள்ள உப்புகளின் மொத்தத்தை மட்டுமே காட்டும். புளோரைடைத் தனித்துக் காட்டும் திறன் அதற்கு இல்லை. டிடிஎஸ் குறைவாக இருக்கிறது என்று காட்டி யாரேனும் தைரியம் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் நேர்வழி அடைபட்ட இடத்தில் ஒரு சுற்றுவழி திறந்திருக்கிறது. ஓர் ஆழ்துளைக் கிணற்றின் புளோரைடு அளவு அன்றாடம் மாறுவதில்லை. பருவத்தோடு மெல்ல மாறுகிறது. ஆகவே கிணற்று நீரையும் ஆற்று நீரையும் கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தால் போதும். தொட்டிக்கு வரும் இரு குழாய்களிலும் ஒவ்வொரு நீரோட்ட மீட்டரைப் பொருத்திவிட்டால், எந்த நீர் எத்தனை லிட்டர் வந்தது என்பது தெரிந்துவிடும். மீதி வெறும் கூட்டல் வகுத்தல். கிணற்று நீரில் 2.8 மில்லிகிராமும் ஆற்று நீரில் 0.4 மில்லிகிராமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 1.6 வரும், அது எல்லையைத் தாண்டிவிட்டது. கிணற்று நீர் ஒரு பங்கு, ஆற்று நீர் மூன்று பங்கு என்று கலந்தால் சரியாக 1.0 வரும். இந்தக் கணக்கைச் சிறிய கருவி ஒன்று தானே போட்டு, விகிதம் தவறும்போது கிணற்று மோட்டாரை நிறுத்திவிடவும் செய்யலாம். நீரோட்ட மீட்டர் ஆண்டுக்கணக்கில் தாங்கும் முரட்டுக் கருவி. புளோரைடு மின்முனையைப் போலச் சீராட்டி வளர்க்க வேண்டியதில்லை.

இதில் உங்கள் பள்ளிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விகிதமும் சராசரியும் பாடத்திலேயே வருகின்றன. அவர்கள் குடிக்கும் தொட்டியின் மீட்டர் எண்களைக் கொண்டே அந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். அந்தத் தாளை ஊராட்சி அலுவலகத்துக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

கேள்வி: சித்தேரி மலையடிவாரத்தில் செல்போனுக்கே சிக்னல் கிடைப்பதில்லை. சென்சார் மட்டும் எப்படிச் செய்தி அனுப்பும்?
– வாசகர், அரூர்

பதில்: லோரா என்றொரு ரேடியோ முறை இருக்கிறது. ஒரு தொட்டியின் நீர்மட்டத்தைச் சொல்லச் சில எழுத்துகள் போதும் என்பதால், அது மிக மெதுவாக, மிகக் குறைந்த மின்சாரத்தில் அனுப்புகிறது. அந்த நிதானமே அதற்கு நெடுந்தூரத்தைத் தருகிறது. திறந்தவெளியில் 10 கிலோமீட்டருக்கு மேலும், கட்டடங்கள் நெருங்கிய ஊருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டரும் எட்டும். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான உரிமம் தேவையற்ற அலைவரிசையில் இது இயங்குவதால் மாதக் கட்டணமும் கிடையாது. சுங்கச்சாவடியில் பாஸ்டேக் பேசுவதும் இதே அலைவரிசையில்தான். சென்சார்களின் செய்திகளைத் திரட்டும் கேட்வே பெட்டி மட்டும் இணைய வசதியுள்ள ஓரிடத்தில் இருந்தால் போதும்.

ஆனால் மலையை ஊடுருவும் ஆற்றல் லோராவுக்கும் கிடையாது. கிருஷ்ணகிரியில் சையத் பாஷா மலைக்கு ஒரு பக்கம் வைத்த கேட்வே, மறுபக்கத்துச் செய்தியை நம்பகமாக வாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உங்கள் பகுதியில் மலையின் மடிப்புகள் அதிகம். ஒரு கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தொட்டியடியிலும் நின்று சோதித்துப் பார்த்த பிறகே எத்தனை கேட்வே தேவை என்று முடிவு செய்யுங்கள். வரைபடத்தை மட்டும் பார்த்துப் போட்ட விலைப்புள்ளியை ஏற்காதீர்கள்.

கேள்வி: எங்கள் நகரில் ஒவ்வொரு தெருவிளக்கிலும் சென்சார் வைக்கப்போவதாகப் பேச்சு. தேவைதானா?
– வாசகர், ஓசூர்

பதில்: ஒவ்வொரு விளக்கிலும் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஒரு மின்பெட்டியிலிருந்து நாற்பது, ஐம்பது விளக்குகளுக்கு மின்சாரம் போகும். அந்தப் பெட்டியில் ஒரே ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை வைத்தால் பெரும்பாலான பயன் கிடைத்துவிடும். ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு அன்றன்றைய சூரிய மறைவு நேரத்தை அதுவே கணக்கிடும். நம் பகுதியில் கார்த்திகை மாலைக்கும் ஆனி மாலைக்கும் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம் உண்டு என்பதால், ஆண்டு முழுவதும் ஒரே நேரத்துக்கு விளக்கேற்றுவது கார்த்திகையில் இருட்டையும் ஆனியில் வீண் செலவையும் தருகிறது.

40 வாட் விளக்குகள் 40 இருக்கும் வரிசை 1,600 வாட் இழுக்க வேண்டும். அது 1,200 வாட்டாகக் குறைந்தால் பத்து விளக்குகள் போய்விட்டன என்று பெட்டியே சொல்லிவிடும். ஒரே ஒரு விளக்கு அணைந்தால் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் அது மறைந்துபோகலாம் என்பது உண்மைதான். அதற்காகத்தான் கம்பத்தில் பெரிய எண்ணும், பொதுமக்கள் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும் எழுதுகிறோம். தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து பெண்கள் நடந்துவரும் சாலைகளில் மட்டும் விளக்குக்கு விளக்கு கண்காணிப்பு வைத்தால் அதை மனமார வரவேற்பேன்.

கேள்வி: பேரூராட்சிக் குப்பைத் தொட்டிகளில் 'நிரம்பிவிட்டேன்' என்று சொல்லும் சென்சார் வைப்பதாகச் சொல்கிறார்களே?
– வாசகர், பாலக்கோடு

பதில்: வேண்டாம். திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு வாசலிலேயே தரம் பிரித்து வாங்கச் சொல்கின்றன. தெருத் தொட்டிகளைக் குறைத்துக்கொண்டே வரும் வேளையில் அவற்றுக்குச் சென்சார் வாங்குவது பொருத்தமில்லை. அந்தப் பணத்தில் தூய்மைப் பணியாளர்களின் பேட்டரி வண்டிகளுக்குப் புதிய பேட்டரி வாங்கலாம். வண்டி எந்தத் தெருவுக்கு வரவில்லை என்று காட்டும் ஜிபிஎஸ் கருவியை வேண்டுமானால் ஆதரிப்பேன். அதுவும் விடுபட்ட தெருவைக் கண்டறிவதற்கு மட்டும். பணியாளர் நிழலில் ஐந்து நிமிடம் நின்றதைக் கணக்குப் பார்ப்பதற்காக அன்று.

கேள்வி: 2024 டிசம்பர் மழையில் எங்கள் ஊர் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். முன்கூட்டியே எச்சரிக்க இந்தக் கருவிகளால் முடியுமா?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: அறிவேன். பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து உள்நாட்டுக்குள் நகர்ந்தபோது, டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 1 கோடி லிட்டர். 50 சென்டிமீட்டர் என்றால் 50 கோடி லிட்டர். உங்கள் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி எத்தனை சதுர கிலோமீட்டரோ அத்தனையால் அதைப் பெருக்கிப் பாருங்கள். ஏரி நிரம்பிப் பெருகிய வெள்ளம் பேருந்து நிலையத்தருகே நிறுத்தியிருந்த வண்டிகளைப் பொம்மைகளைப் போல உருட்டிக்கொண்டு போனது ஏன் என்று அப்போது புரியும். அந்த வெள்ளத்தைத் தடுக்கும் சக்தி எந்தச் சென்சாருக்கும் கிடையாது. ஆனால் வண்டிகளையும், தாழ்வான தெருக்களில் இருந்தவர்களையும் அப்புறப்படுத்தச் சில மணி நேரத்தைப் பெற்றுத்தர முடியும்.

இரண்டே கருவிகள் போதும். ஒன்று, ஏரிக்கு மேல்பக்கத்தில் தானியங்கி மழைமானி. அதனுள்ளே தராசுபோல் இரு சிறு கிண்ணங்கள் இருக்கும். குறிப்பிட்ட அளவு நீர் சேர்ந்ததும் ஒன்று கவிழும், மற்றொன்று நிரம்பத் தொடங்கும், ஒவ்வொரு கவிழ்ப்பும் ஓர் எண்ணாகப் பதிவாகும். மற்றொன்று, உபரி நீர் வெளியேறும் கலிங்கு அருகே நீர்மட்டத்தை மேலிருந்து ரேடியோ அலையால் அளக்கும் ராடார் சென்சார். மீயொலியை ஏன் இங்கே சொல்லவில்லை என்றால், கொட்டும் மழையும் நுரையும் அதைக் குழப்பும். ராடார் அவற்றை ஓரளவு பொருட்படுத்தாது.

நீர்மட்டம் எவ்வளவு என்பதைக் காட்டிலும் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதற்கே எச்சரிக்கை அடிக்க வேண்டும். கலிங்கைத் தொட இரண்டடி இருக்கும்போதே, அரை மணி நேரத்தில் ஓரடி ஏறியிருந்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன ஆகும் என்பது தெரிந்த கதை. நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது மற்றொன்று உண்டு: அந்த முடிவை ஏரிக்கரையில் இருக்கும் பெட்டியே எடுத்து, அங்கேயே ஒரு சங்கை ஒலிக்கவிட வேண்டும். தொலைவிலுள்ள சர்வருக்குச் செய்தி போய், அங்கிருந்து அலுவலரின் செல்போனுக்கு வந்து, அவர் எழுந்து பார்த்து என்ற சங்கிலியில், புயல் இரவில் முதலில் அறுவது செல்போன் கோபுரத்தின் மின்சாரம்தான். சூரியத் தகடும், மூன்று நாள் மேகமூட்டத்தைத் தாங்கும் பேட்டரியும், ஊர் முழுக்கக் கேட்கும் சங்கும் இருந்தால், இணையம் படுத்துவிட்டாலும் எச்சரிக்கை படுக்காது. வழக்கமான நாள்களில் தரவு சர்வருக்குப் போகட்டும். ஆபத்து நாளில் அது போகாவிட்டாலும் ஊர் விழித்துக்கொள்ள வேண்டும்.

மாதம் ஒருமுறை, எல்லோரும் அறிந்த ஒரு நாளில், அந்தச் சங்கை ஒலிக்கவிட்டுப் பாருங்கள். சத்தம் கேட்டால் எந்த மேட்டுக்குப் போவது, எந்தச் சாலையை யார் மறிப்பது என்பவை அன்றே ஊருக்குப் பழகிவிடும்.

கேள்வி: கடையில் பொருத்திய இணையக் கேமராவின் படம் எங்கோ வெளியில் தெரிவதாக நண்பர் ஒருவர் எச்சரித்தார். ஊர் முழுக்கக் கேமரா வரும் காலத்தில் இது அச்சமாக இருக்கிறது.
– கடைக்காரர், கிருஷ்ணகிரி

பதில்: முதலில், பெட்டியில் வந்த கடவுச்சொல்லை மாற்றினீர்களா என்று பாருங்கள். 2016-இல் மிராய் என்ற தீய நிரல், தயாரிப்பாளர் வைத்த ஏறத்தாழ 60 கடவுச்சொற்களை மட்டுமே வரிசையாகப் போட்டுப் பார்த்து, உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் தன்வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படையை ஏவி, இணைய முகவரிகளுக்கு வழிகாட்டும் டைன் நிறுவனத்தைத் திணறடித்தபோது, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்களே பல மணி நேரம் திறக்கவில்லை. பூட்டை வாங்கியவர்கள் அதோடு வந்த சாவியை வாசலிலேயே விட்டுவைத்ததன் விளைவு அது. கடவுச்சொல்லை மாற்றியபின் கேமராவின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லையென்றால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

ஊர்க் கேமராக்கள் குறித்த உங்கள் அச்சம் நியாயமானது. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் தரவைக் கையாள்வோருக்குச் சில கடமைகளை விதிக்கிறது. ஆனாலும் பதிவு எத்தனை நாள் வைக்கப்படும், யார் பார்க்கலாம் என்பதை நகராட்சிக் கூட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை. நீர்மட்டத்தை அளப்பதால் யாருடைய அந்தரங்கமும் கெடுவதில்லை. முகத்தைப் பதிவு செய்யும் கருவிக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க முடியாது.

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இத்துறையில் வேலை கிடைக்க எதிலிருந்து தொடங்குவது?
– மாணவர், பர்கூர்

பதில்: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இஎஸ்பி32 என்னும் சிறு கணினிப் பலகை ஒன்றும் அழுத்தச் சென்சார் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். செய்தி அனுப்ப எம்கியூடிடி என்ற நெறிமுறையைப் படியுங்கள். 1999-இல், பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக, குறைந்த பேட்டரியிலும் நலிந்த இணைப்பிலும் வேலை செய்ய வேண்டும் என்றே உருவாக்கப்பட்டது அது. நம் ஊர் நிலைமைக்கும் அளவெடுத்துத் தைத்தாற்போலப் பொருந்தும்.

விளக்கை எரியவிட்டு அணைக்கும் பயிற்சியோடு நிறுத்திவிடாமல், உங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் அதைப் பொருத்தி 30 நாள் ஓடவிடுங்கள். தினமும் காலையில் ஒரு குச்சியை விட்டு நீர்மட்டத்தைக் கையால் அளந்து, கருவி சொன்ன அளவின் பக்கத்தில் எழுதுங்கள். எந்த நாளில், என்ன காரணத்தால் இரண்டும் வேறுபட்டன என்பதையும் குறியுங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு கருவி தானே எழுந்ததா, வைஃபை கடவுச்சொல்லை வீட்டார் மாற்றியபோது என்ன செய்தது, தொட்டியைக் கழுவிய நாளில் என்ன காட்டியது என்று எதையும் விடாதீர்கள். நேர்முகத் தேர்வில் சான்றிதழ்க் கோப்போடு அந்த நோட்டையும் மேசைமேல் வையுங்கள். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குத் தேவைப்படுவதும் பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கும் கைகள்தான். நோட்டின் படி ஒன்றை எங்களுக்கும் அனுப்பினால், நீங்கள் கண்ட பழுதுகளை இதே பகுதியில் வெளியிடுகிறேன். காரிமங்கலம் வாசகருக்கு அது உடனே பயன்படும்.